உறை பிரிக்காத புத்தகம்

அத்தியாயம் ஐந்து

"மொட்டைக் கடிதாசியா இருந்தாலும் ஒரு மரியாதை வேண்டாமா?" என்றார் மேயர் ஜெர்வாசியோ. "ரோம்ல அரசாங்கத்துக்கு ஒண்ணு, அங்க கண்காட்சி நடத்துறவங்களுக்கு ஒண்ணு. எனக்கு வந்தது மூணாவது கார்பன் காப்பி. எழுத்தே தெரியலை."

தொமிதில்லா கடிதத்தை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனார். இருபது வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகக் காணாமற்போன நகைகளையும் தானாகத் தீப்பிடித்த கிடங்குகளையும் விசாரித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிபவர் அவர். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரே காரணத்துக்காக, பட்டம் வாங்கிய எவரையும் டாக்டர் என்று கூப்பிடும் இத்தாலி முழுவதும் அவரை டாக்டரம்மா என்று அழைத்தது. அவருடைய உதவியாள் நெல்லோ, நாற்பத்திரண்டு வயது, மேயரின் மேஜையில் இருந்த பாதாம் பிஸ்கட்டில் நாலாவதை எடுத்துக்கொண்டிருந்தான்.

கடிதம் நாலே வரி.

'கோல்லெமுரா அருங்காட்சியகத்தில் உள்ள மாதா படம் பார்த்தொலோ வரைந்ததல்ல. படத்தின் வலப்பக்கம் நிற்கும் புனித எமிதியோ கையில் ஏந்தியிருக்கும் நம் ஊரின் சின்ன உருவத்தை உற்றுப் பாருங்கள். கோயிலுக்கு வலப்புறம் மணிக்கோபுரம் நிற்கிறது. அந்தக் கோபுரம் கட்டப்பட்டது 1540-இல். பார்த்தொலோ இறந்தது 1512-இல்.'

"செத்து இருபத்தெட்டு வருஷம் கழிச்சும் வேலை பாத்திருக்கார்" என்றான் நெல்லோ. "அரசாங்க உத்தியோகமா இருந்திருக்கும்."

"அங்க எதிர்மாறா நடக்கும், உயிரோட இருக்கும்போதே வேலை பாக்கமாட்டாங்க" என்ற தொமிதில்லா, மேயரைப் பார்த்தார். "இதுல சொல்லியிருக்கிறது உண்மையான்னு நான் பாக்கணுமா?"

"உண்மையைப் பத்தி இங்க யாரும்மா கேட்டா?" மேயருக்கு நிஜமாகவே புரியவில்லை. "எழுதினது யாரு? அது போதும். பன்னெண்டு மணிக்கு ரோமிலிருந்து லாரி வருது. பேராசிரியர் பெல்லகாம்பா வழியனுப்ப வர்றார். அதுக்குள்ள ஆளைக் காட்டுங்க, மீதியை நான் பாத்துக்கிறேன்."

மேயரின் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், பேராசிரியர் பெல்லகாம்பா ஒரு தடித்த புத்தகம் எழுதி, அதுவரை 'யாரோ வரைந்தது' என்று சீட்டு ஒட்டியிருந்த இந்த மாதாவை வரைந்தவர் மாபெரும் ஓவியர் பார்த்தொலோதான் என்று அறிவித்தார். அன்றிலிருந்து ஊரின் தலையெழுத்தே மாறிவிட்டது. பார்த்தொலோ தெரு வந்தது. பார்த்தொலோ ஓட்டல் வந்தது. ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் அந்த மனிதர் பெயரே. இப்போது ரோமில் பெரிய கண்காட்சி. மாதா ஆறு மாதம் அங்கே போகிறாள். விழா மலரின் இரண்டாம் பக்கத்தில் மேயரின் படம் வருகிறது.

"எனக்குச் சந்தேகம் நம்ம ஃபாதர் தார்சீசியோ மேலதான்" என்று மேயர் குரலைத் தாழ்த்தினார். "படம் ஊரைவிட்டுப் போகக்கூடாதுன்னு பிரசங்கத்துலயே பேசினார்." பிறகு அலமாரியைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து இருவருக்குமாகக் கொடுத்தார். "பேராசிரியர் எழுதினது. இங்க கல்யாணம் பண்ணிக்கிற ஒவ்வொரு ஜோடிக்கும் நகரசபை சார்பா ஒண்ணு குடுக்கிறோம். இது இல்லாத வீடே கிடையாது."

"நீங்க படிச்சிருக்கீங்களா?" என்று தொமிதில்லா கேட்டார்.

"மனப்பாடம்" என்றார் மேயர். அவருக்குப் பின்னால் அலமாரியில் அவருடைய சொந்தப் பிரதி நின்றது. அதன் பிளாஸ்டிக் உறை காலை வெயிலில் பளபளத்ததை நெல்லோ பார்த்துக்கொண்டான்.

சதுக்கத்துக்கு வந்தபோது மணி பத்து. பேண்டு வாசிப்பவர்கள் ஏற்கெனவே வந்து, வாசிக்காமல் நிழலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். தொமிதில்லா கோயிலைப் பார்க்க நின்றார். கடிதம் சொன்னது சரிதான். கோயிலுக்கு வலப்புறம் மணிக்கோபுரம், அதன் வாசலில் 1540 என்று கல்லில் வெட்டியிருந்தது.

"கேஸ் முடிஞ்சது, டாக்டரம்மா" என்றான் நெல்லோ. "வாங்க, பொரிச்ச ஆலிவ் சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம்."

"இடப்பக்கம் அது என்ன?"

கோயிலுக்கு இடப்புறம் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பழைய கல் அடித்தளம் இருந்தது. அதற்குள் ஐஸ்கிரீம் கடை நடந்தது.

"அதுதான் பழைய கோபுரம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஃபாதர் தார்சீசியோ கையில் தக்காளிக் கூடையோடு நின்றார். "1519 பூகம்பத்துல விழுந்துச்சு. அதே இடத்துல கட்டினா மறுபடி விழும்னு பயந்து, இருபது வருஷம் சண்டை போட்டு, அப்புறம் வலப்பக்கம் கட்டினாங்க. நீங்கதான் என்னைப் பிடிக்க வந்தவங்களா? உள்ள வாங்க, காப்பி போடறேன்."

அவர் அறையில் சமையல் மேஜையின் ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக்கொடுத்திருந்தது பேராசிரியரின் புத்தகம். பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை.

"அளவு சரியா இருந்துச்சு" என்றார் ஃபாதர், வெட்கப்படாமல். "மொட்டைக் கடிதாசி நான் எழுதலை. மேயரைப் பத்திப் பதினோரு வருஷமா ஆயருக்கு எழுதிக்கிட்டு வர்றேன். எல்லாத்துலயும் கையெழுத்து இருக்கு. பேர் போடாம எழுதினா அதுல என்ன சுகம்?"

"ஆனா படம் போறது உங்களுக்குப் பிடிக்கலை."

ஃபாதர் தக்காளியைத் துடைப்பதை நிறுத்தினார். "செப்டம்பர் எட்டாம் தேதி மாதா சப்பரத்துல ஏறி ஊர்வலம் வரணும். இன்னும் ஒன்பது நாள். ஆறு மாசம்ங்கிறாங்க. எங்க வெள்ளிச் சிலுவையை 1961-ல ஆறு மாசத்துக்குன்னு வாங்கிட்டுப் போனாங்க. அவங்க காலண்டர்ல இன்னும் ஆறு மாசம் ஆகலை. என்னை விடுங்க, எனக்குக் கோயில் இருக்கு. படத்துக்குக் காவல் இருக்கிற அந்த எர்சீலியா என்ன பண்ணுவா? மாதா போனா அருங்காட்சியகத்துல என்ன மிச்சம்? சாவியைத் திருப்பிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

மிச்சம் என்ன என்பது மாடி ஏறியதும் தெரிந்தது. பழைய கன்னியர் மடம்தான் அருங்காட்சியகம். முதல் அறையில் இரண்டு உடைந்த ஜாடிகள், காலமான ஓர் ஆயரின் செருப்பு, பஞ்சு அடைத்த ஓநாய் ஒன்று. ஓநாய்க்கு ஒரு கண் இல்லை. இரண்டாவது அறையில் மாதா.

காவலாளி எர்சீலியாவுக்கு அறுபது வயது. இடுப்பில் சாவிக்கொத்து, கையில் தூசி தட்டும் துணி. அறை நடுவில் லாரிக்காரர்களுக்காகப் பெரிய மரப்பெட்டி திறந்து கிடந்தது. அதை அவர் பார்க்காமலே சுற்றிக்கொண்டு நடந்தார்.

"பாத்துக்குங்க" என்றார். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

நெல்லோ ஏதோ கிண்டல் சொல்ல வாயைத் திறந்தான். அதை விட்டுவிட்டுப் படத்துக்கு நேரே போய் நின்றான்.

மாதா அப்படியொன்றும் அழகி இல்லை. தூக்கம் கெட்ட ஒரு தாய். மடியில் குண்டுக் குழந்தை, தன் வலக்கையால் அம்மாவின் கட்டைவிரலை இறுகப் பிடித்திருந்தது. ஊருக்கு ஆசீர்வாதம் தர வேண்டிய நேரம். ஆனால் விரலை விட மனமில்லை. அதனால் இடது கையைத் தூக்கி இரண்டு விரலை நீட்டி ஆசீர்வாதம் செய்தது.

நெல்லோ இடது கைக்காரன். சிறு வயதில் பள்ளியில் ஒரு கன்னியாஸ்திரி, சாத்தானின் கை என்று சொல்லி அதை நாற்காலியோடு ரிப்பனால் கட்டிப்போட்டு எழுதவைத்தார். அந்த ரிப்பனின் நிறம்கூட அவனுக்கு மறக்கவில்லை. ஐந்நூறு வருஷமாக ஒரு குழந்தை இந்தச் சுவரில் இருந்துகொண்டு இடது கையால் ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தது, தனக்கு யாரும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டான்.

"நீங்க இடது கைதானே?" என்றார் எர்சீலியா. "எழுதறதைப் பாக்கவே வேணாம், நிக்கிறதுலயே தெரியுது. நானும்தான். இந்த ஊர்ல இடது கைக்காரங்களை யாரும் அடிச்சதில்லை. எட்டாம் தேதி சப்பரத்தைத் தூக்குறது நாங்க மட்டும்தான். மத்தவங்க ஆசைப்பட்டாலும் விடமாட்டோம். மேயர் போன வருஷம் இடது கையால கையெழுத்துப் போட்டுக் காட்டினார். அப்பவும் விடலை."

"டாக்டரம்மா" என்றான் நெல்லோ. "அந்தக் கடிதாசியில புனிதர் எந்தப் பக்கம்?"

தொமிதில்லா ஏற்கெனவே படத்துக்கு அருகில் போயிருந்தார். கடிதத்தில் புனித எமிதியோ வலப்பக்கம். இங்கே இடப்பக்கம் நின்றார். அவர் உள்ளங்கையில் இருந்த சின்ன ஊரில், கோயிலுக்கு இடப்புறம் மணிக்கோபுரம் நின்றது. ஐஸ்கிரீம் கடை இருந்த பக்கம்.

"நாலு நாளா ரோமும் ஊரும் அடிச்சுக்கிது" என்றார் மெதுவாக. "ஒருத்தரும் முப்பது படி ஏறி வந்து பாக்கலை. அந்தப் புத்தகத்தைப் பிரி."

நெல்லோ பல்லால் பிளாஸ்டிக்கைக் கிழித்தான். நடுவில் ஒரு முழுப்பக்க வண்ணப்படம். அதே மாதா. அதே குண்டுக் குழந்தை. புனிதர் வலப்பக்கம். கோபுரம் வலப்பக்கம். குழந்தை வலது கையால், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி, ஆசீர்வாதம் செய்தது.

"கண்ணாடியில தெரியற மாதிரி இருக்கு" என்றான்.

"போட்டோ பிலிம் ஸ்லைடைத் திருப்பிப் போட்டு அச்சடிச்சிருக்காங்க." தொமிதில்லா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார். "எழுதின ஆள் படத்தைப் பார்த்ததே இல்லை. புத்தகத்தைத்தான் பார்த்திருக்கான். அப்படின்னா ஃபாதர் இல்லை, எர்சீலியா இல்லை, ஊர்ல சப்பரம் தூக்குற யாரும் இல்லை."

"புத்தகம்தான் எல்லார் வீட்லயும் இருக்கே?"

"எல்லார் வீட்லயும் உறையோட இருக்கு. கோபுரம் கட்டின வருஷம் தெரிஞ்சு, பார்த்தொலோ செத்த வருஷம் தெரிஞ்சு, பூதக்கண்ணாடி வெச்சு இந்தப் பக்கத்தைப் பாக்கிற அளவுக்கு இந்தப் புத்தகத்தைத் திறந்தவங்க உலகத்துல எத்தனை பேர் இருப்பாங்க?"

நெல்லோ புத்தகத்தின் கனத்தைக் கையில் ஏந்திப் பார்த்தான். "எழுதினவர் ஒருத்தர் திறந்திருப்பார்" என்றான் விளையாட்டாக.

தொமிதில்லா சிரிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தார். அப்போது கீழே பேண்டு வாசிக்கத் தொடங்கியது.

பேராசிரியர் பெல்லகாம்பா லாரிக்கு முன்னால் வந்த காரிலிருந்து இறங்கினார். எண்பத்தொரு வயது, வெள்ளை லினன் கோட்டு, வைக்கோல் தொப்பி. மலைப்பாதையின் நாற்பத்தேழு வளைவுகளும் அவர் முகத்தில் பச்சையாக எழுதியிருந்தன. எலுமிச்சைத் துண்டு ஒன்றைச் சப்பிக்கொண்டே மேயரின் முத்தங்களை இரண்டு கன்னத்திலும் வாங்கிக்கொண்டார். பத்திரிகைக்காரர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள்.

அவர் மாடிப்படி ஏறும்போது நெல்லோ நோட்டுப் புத்தகத்தோடு குறுக்கே வந்து நின்றான். பின்னாலேயே தொமிதில்லா.

"ஐயா, உள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு வரி. இந்தப் படத்தை எத்தனை தடவை பாத்திருப்பீங்க?"

"தம்பி, அம்மா முகத்தை எத்தனை தடவை பாத்தேன்னு கேட்டா என்ன சொல்வே?"

"எங்கம்மா பாக்கிற ஒவ்வொரு தடவையும் அடிப்பாங்க, ஐயா. அதனால எண்ணிக்கைல இருக்கு. படத்தைக் கொஞ்சம் வர்ணிக்க முடியுமா?"

பேராசிரியர் எலுமிச்சையை வாயிலிருந்து எடுத்தார். கண்களை மூடினார். குரல் தானாகவே மேடைக் குரலானது. "நடுவில் அன்னை. அவள் மடியில் பாலகன், வலக்கரம் உயர்த்தி உலகை ஆசீர்வதிக்கிறான். பார்த்தொலோவின் வலக்கரங்கள் எல்லாம் அப்படித்தான். அதை வெச்சுத்தான் நான் கண்டுபிடிச்சேன். நமக்கு வலப்பக்கம் புனித எமிதியோ. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன்."

"கட்ட வேண்டிய அவசியமே இல்லைங்க" என்றார் தொமிதில்லா. "வாங்க."

மேயர் கீழே மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அறைக்குள் நாலு பேர்தான். எர்சீலியா படத்தின் மீது துணி போர்த்தியிருந்தார். தொமிதில்லா தலையசைத்ததும் துணியை இழுத்தார்.

பேராசிரியர் படத்தைப் பார்த்தார். எலுமிச்சைத் துண்டு கையிலிருந்து விழுந்தது.

"இதை யாரு திருப்பி வெச்சது?" என்றார்.

சொன்னது என்ன என்று அவருக்கே ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. பின்னால் தடவிப் பார்த்து, கிடைத்த மரப்பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"முதல் தடவையா?" என்று தொமிதில்லா கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"நாப்பத்தேழு வளைவும்மா" என்றார் பேராசிரியர். மேடைக் குரல் போய்விட்டது. "எனக்குச் சின்ன வயசுலருந்து மலைப்பாதை ஒத்துக்காது. போட்டோகிராபர் ஸ்லைடு அனுப்பினான். நல்ல ஸ்லைடு. எங்க ஆளுங்க எல்லாரும் போட்டோவை வெச்சுத்தான் சொல்வாங்க. போட்டோ பின்னாடியே எழுதிக் குடுத்துடுவாங்க, இன்னார் வரைஞ்சதுன்னு. நான் ஒருத்தன் மட்டும் குற்றவாளியா?"

"கடிதாசி?"

அவர் மறுக்கக்கூட இல்லை. "ரோமுக்குப் போனா எக்ஸ்ரே எடுப்பானுங்க. முப்பது வயசுப் பசங்க. அதுக்கு முன்னாடி நாமே ஒரு தடவை சரிபாப்போம்னு ரெண்டு மாசம் முன்னாடி பூதக்கண்ணாடியை எடுத்தேன். கோபுரம் கண்ணுல பட்டுது. வலப்பக்கக் கோபுரம் 1540. அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. படம் இந்த மலையிலயே கிடந்தா யாரு வந்து பாக்கப் போறான்? கடிதாசி போட்டா கண்காட்சிக்காரங்க பயந்து வேணாம்னு சொல்லிடுவாங்க. எனக்கும் கேடு இல்லை, படத்துக்கும் கேடு இல்லை."

"தன் மேலேயே மொட்டைக் கடிதாசி போட்ட ஆளை இப்பத்தான் பாக்கிறேன்" என்றான் நெல்லோ. "மத்தவங்க அதுக்குப் பக்கத்து வீட்டுக்காரனைத் தேடுவாங்க."

தொமிதில்லா பேராசிரியரின் தோளைத் தொட்டார். "இப்ப கோபுரத்தைப் பாருங்க."

அவர் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பச்சை முகத்தில் மெல்ல மெல்ல இரத்தம் ஏறியது.

"இடப்பக்கம்" என்றார். "பழைய கோபுரம். 1519-ல விழுந்தது. விழறதுக்கு முன்னாடி வரைஞ்சிருக்கான். அப்ப பார்த்தொலோவா இருக்கலாம். அந்த அன்னையோட கண்ணிமையைப் பாருங்க, மஞ்சளுக்குக் கீழ பச்சை. இது ஸ்லைடுல தெரியலையே. அம்மா, இது பார்த்தொலோதான். சத்தியமா அவன்தான். நான் சொன்னது சரி."

எர்சீலியாவின் கை சாவிக்கொத்தை இறுக்கியது. சாவிகள் சத்தம் போடாமல் இருக்க அவர் பட்ட பாட்டை நெல்லோ மட்டும் கவனித்தான். கீழே லாரியின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"சரிதான்" என்றார் தொமிதில்லா. "வலது கையை வெச்சுக் கண்டுபிடிச்சீங்க, வலது கையே இல்லை. கோபுரத்தை வெச்சு இல்லைன்னீங்க, கோபுரம் அந்தப் பக்கம் இல்லை. ரெண்டு தப்பும் சேந்து சரியான இடத்துல கொண்டுவந்து விட்டிருக்கு. வெளிய போய்ச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. கோபுரம் இடப்பக்கம்னு சொன்னா, உங்க புத்தகத்துல ஏன் வலப்பக்கம் இருக்குன்னு கேப்பாங்க. முப்பத்தாறு வருஷமா ஏன் கவனிக்கலைன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரே பதில்தான் இருக்கு."

பேராசிரியர் கீழே கிடந்த எலுமிச்சைத் துண்டைப் பொறுக்கினார். படத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தபோது, அவர் முகத்தில் ஒரு நிமிஷம் உண்மையான ஆசை தெரிந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு படத்தை நேரில் பார்த்த மனிதனின் ஆசை. நெல்லோவுக்கு அவர் மீது இரக்கம் வந்துவிட்டது. அது அதிக நேரம் நிற்கவில்லை.

பேராசிரியர் எழுந்து, கோட்டை நீவிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

சதுக்கத்தில் பேண்டு நின்றது. மேயர் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்.

"நண்பர்களே" என்றார் பேராசிரியர். மேடைக் குரல் முழுசாகத் திரும்பி வந்திருந்தது. "இன்று இந்தப் படத்தை மறுபடியும் நேரில் ஆராய்ந்தேன்."

"மறுபடியும்" என்று நெல்லோ தொமிதில்லாவின் காதில் சொன்னான். அவர் அவன் காலை மிதித்தார்.

"அறிஞனுக்கு அழகு தன் தவறைத் தானே ஒப்புக்கொள்வது. இந்தப் படம் பார்த்தொலோவின் கையால் ஆனதல்ல. அவர் பட்டறையில் வேலை பார்த்த யாரோ ஒருவர் வரைந்தது. ரோமுக்குக் கடிதம் எழுதியதும் நானே. விளம்பரம் விரும்பாததால் கையெழுத்துப் போடவில்லை."

முன்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு யாரோ கைதட்டினார்கள். பத்திரிகைக்காரர் ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தாலியில் ஒரு பேராசிரியர் நான் தப்பு செய்துவிட்டேன் என்று ஒலிபெருக்கியில் சொன்னது அவர் அனுபவத்தில் முதல் தடவை. மறுநாள் மூன்று பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் அவர் படம் வந்தது. ஒன்றில் 'நாட்டின் மனசாட்சி' என்று போட்டிருந்தார்கள்.

லாரியோடு வந்த கண்காட்சி அதிகாரி போனில் ரோமோடு பத்து நிமிஷம் பேசினார். பட்டறைச் சரக்குக்குத் தங்களிடம் சுவரில் இடமில்லை என்று பதில் வந்தது. மணி ஒன்றாகிவிட்டதால் லாரிக்காரர்கள் முதலில் சாப்பிட்டார்கள், பிறகு வெறும் பெட்டியை ஏற்றிக்கொண்டு வளைவுகளில் இறங்கினார்கள்.

மேயர் ஜெர்வாசியோ இடிந்துபோய் நின்றது சரியாக அரைமணி நேரம். அதற்குள் பத்திரிகைக்காரர்கள் அவரையும் பேட்டி எடுத்தார்கள். நான்கு மணிக்கு ஊர் எல்லையில் இருந்த 'பார்த்தொலோவின் ஊர்' என்ற பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டார். புதுப் பலகையில் 'உண்மையின் ஊர்' என்று எழுதப்போகிறார்களாம்.

"டாக்டரம்மா" என்றான் நெல்லோ, ஐஸ்கிரீம் கடையில் பிஸ்தாவை நக்கிக்கொண்டு. "படம் பார்த்தொலோவோடதுதான்னு நமக்குத் தெரியும். மேயருக்குச் சொல்ல வேணாமா?"

"அவர் என்ன கேட்டார்?"

"எழுதினது யாருன்னு."

"சொல்லியாச்சு. ஒலிபெருக்கியிலயே சொல்லியாச்சு." தொமிதில்லா பழைய கோபுரத்தின் கல்லைத் தடவிப் பார்த்தார். "உண்மையைப் பத்தி இங்க யாரு கேட்டா?"

கிளம்புவதற்கு முன் நெல்லோ இன்னொரு தடவை மாடி ஏறினான். ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. எர்சீலியா படத்தின் கீழிருந்த, பார்த்தொலோவின் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டைத் திருப்புளியால் கழற்றிக்கொண்டிருந்தார், இடது கையால். அவன் வந்ததைப் பார்த்ததும் மேஜை இழுப்பறையைத் திறந்து, பழுப்பேறிய ஒரு கடித உறையை எடுத்து நீட்டினார்.

"நீங்க நம்மாளுங்கிறதால காட்டறேன். புத்தகம் வந்த வாரமே திறந்து பாத்துட்டேன். நம்ம பிள்ளையோட கை மாறியிருக்கேன்னு பதறிப்போய்ப் பேராசிரியருக்கு எழுதினேன். படம் திரும்பி அச்சாகியிருக்கு, கோபுரமும் மாறிடுச்சு, கொஞ்சம் பாருங்கன்னு. பதில் போட்டார்."

உறைக்குள் பேராசிரியரின் கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்றும், தட்டச்சு செய்த ஒரு சீட்டும் இருந்தன. நெல்லோ சீட்டைப் படித்தான். 'அன்புள்ள அம்மையாருக்கு, கலைப்படைப்புகளைப் புரிந்துகொள்ளப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். தாங்கள் படத்தை இன்னொரு முறை நன்றாகப் பார்க்கவும்.'

அவன் இரண்டு தடவை படித்தான். "இதைக் காலையிலயே வெளிய எடுத்திருந்தா அந்த ஆளோட மானம் சதுக்கத்துல பறந்திருக்குமே?"

"பறந்திருக்கும். மொட்டைக் கடிதாசி தப்புன்னு ஆகி, மாதாவும் லாரியில ஏறியிருப்பா." எர்சீலியா சீட்டை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்து, இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பிறகு துணியை எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"அவர் சொன்னபடிதான் செஞ்சேன், தம்பி" என்றார். "முப்பத்தாறு வருஷமா நல்லாத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."